கஜானாவில் இருந்தால்தான் செக்: பழைய நகராட்சிகள் பில்லுக்குப் பணம் கொடுத்த விதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூறாண்டுக்கு முந்தைய நகராட்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் இரண்டு கருத்துகள் இருந்தன. சிறிய ஊர் நகராட்சிகள் சர்க்கார் மானியத்தில்தான் காலம் தள்ளின என்பது ஒன்று. கடன் பாக்கி வைக்காமல் அவை சிக்கனமாக நடந்தன என்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் தவறு. இரண்டாவது கணக்கேட்டில் மட்டும் சரி. கணக்கு எழுதப்பட்ட முறை தெரியாவிட்டால் அந்தக் காலத்து ஆண்டறிக்கைகளைப் படித்து யாரும் இப்படித்தான் ஏமாறுவார்கள். அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

சென்னை மாகாணத்தில் ஜில்லா முனிசிபாலிட்டிகளுக்கு முதலில் 1884-ஆம் ஆண்டின் சட்டமும், பிறகு 1920-ஆம் ஆண்டின் சட்டமும் இருந்தன. சேலத்தில் ராஜாஜியும் ஈரோட்டில் பெரியாரும் நகராட்சித் தலைவர்களாக இருந்தது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தின் கடைசிக் கட்டத்தில். அப்போது செக்கில் கையெழுத்திடும் பொறுப்பு தலைவருடையதே. கமிஷனர் என்ற உத்தியோகம் மாவட்ட நகராட்சிகளுக்குள் வந்தது 1930-களில்தான்.

சிறிய நகராட்சியின் பணம் பெரும்பாலும் சர்க்காரின் தாலுகா கஜானாவில் இருந்தது. வரி வசூலிக்கும் பில் கலெக்டர் கையில் வாங்கிய பணத்திலிருந்து ஒரு அணாவைக்கூட நேரடியாகச் செலவழிக்கக் கூடாது. அது முதலில் அலுவலக ரொக்கப் புத்தகத்தில் ஏற வேண்டும், பிறகு சலானுடன் கஜானாவுக்கு இருசால் ஆக வேண்டும், அதாவது அனுப்பிக் கட்டப்பட வேண்டும். வெளியே போகும் பணம் செக்காகப் போகும். தபால் தலை, வண்டிக்கூலி, அநாதைப் பிணம் அடக்கம் போன்ற சில்லறைச் செலவுகளுக்கு மட்டும் 'நிரந்தர முன்பணம்' என்று ஒரு சிறு தொகை அலுவலகத்தில் இருக்கும். செலவான அளவுக்கு வவுச்சர் வைத்து அதை மறுபடி நிரப்பிக்கொள்வார்கள்.

கஜானாவில் இருப்பைத் தாண்டி ஒரு ரூபாய்க்கு செக் எழுதினாலும் அது திரும்பி வந்துவிடும். ஓவர்டிராஃப்ட் என்ற பேச்சே கிடையாது. இருப்பு இல்லையென்றால் பில் மேஜையிலேயே கிடக்கும். கணக்கோ ரொக்கக் கணக்கு. பணம் கைமாறிய நாளில்தான் செலவு ஏட்டில் ஏறும். மார்ச் 31 அன்று ஜல்லி அடித்துக்கொடுத்த கான்ட்ராக்டருக்கு 600 ரூபாய் பாக்கி இருந்தால், அந்த ஆண்டுக் கணக்கில் அது எங்கும் தென்படாது. 'கடன் பாக்கி இல்லாத நகராட்சி' பிறந்த இடம் இதுதான். பாக்கி இருந்தது. அதைச் சுமந்தவர் கான்ட்ராக்டரும் எண்ணெய்க் கடைக்காரரும்.

இனி வரவு. சொத்து வரியே முதுகெலும்பு. வீட்டுக்கு நியாயமாக வரக்கூடிய வாடகையைக் கணக்கிட்டு, அதில் கட்டடத்துக்கு மட்டும் உரிய பங்கில் நூற்றுக்குப் பத்தைப் பழுதுபார்ப்புக்காகக் கழிக்க வேண்டும் என்பது 1920 சட்டம். மாதம் 5 ரூபாய் வாடகை பெறும் வீடு என்றால் ஆண்டுக்கு 60. அதில் மனையின் பங்கு 10, கட்டடத்தின் பங்கு 50 என்று வைத்தால் 5 ரூபாய் கழிந்து ஆண்டு மதிப்பு 55. சொத்து வரியின் எல்லாப் பிரிவுகளும் சேர்ந்து நூற்றுக்குப் பத்து என்று கொண்டால் 5 ரூபாய் 8 அணா. அரையாண்டுக்கு 2 ரூபாய் 12 அணா. ரூபாய், அணா, பை என்று மூன்று பத்திகளில் இதைக் கூட்ட வேண்டும். 12 பை ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய். பத்தியிலிருந்து பத்திக்கு ஏற்றும்போது நடக்கும் கூட்டல் பிழைதான் பழைய கேட்புப் பதிவேடுகளில் (யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று எழுதும் ஏடு) அதிகம் காணும் பிழை.

மதிப்பீட்டுப் புத்தகம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழுமையாகத் திருத்தப்படும். இடையில் ஊர் வளர்ந்தாலும் வரி அந்த வேகத்தில் வளராது. கோயில், மசூதி, தேவாலயம், சத்திரம், சுடுகாடு ஆகியவற்றுக்கு வரி விலக்கு. கும்பகோணம் போன்ற ஊரில் இதன் பாரத்தை எண்ணிப் பாருங்கள்: 1921, 1933 மகாமகங்களுக்கு வந்த கூட்டத்துக்குத் தற்காலிகக் கழிப்பிடம், கூடுதல் துப்புரவு ஆட்கள், காலரா தடுப்பு எல்லாம் தேவை, ஆனால் ஊரின் பெரிய கட்டடங்கள் வரிக்கு வெளியே. இரயில்வேயும் அப்படியே. 1890-ஆம் ஆண்டு இரயில்வே சட்டப்படி, இந்திய சர்க்கார் தனியாக அறிவிக்கை செய்யாதவரை ஸ்டேஷனுக்கு உள்ளூர் வரி போட முடியாது.

வரி கொடுக்காதவருக்கு முதலில் பில், பிறகு கேட்பு நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் ஜப்தி வாரண்டு. உடுக்கும் துணி, படுக்கை, சமைத்து உண்ணும் பாத்திரம், கைவினைஞரின் கருவி, உழவரின் ஏர், விதைத் தானியம், உழவு மாடு ஆகியவற்றைத் தொடக் கூடாது. ஏழை வீட்டில் இவற்றைத் தவிர என்ன இருக்கும்? வாரண்டு வெறுங்கையோடு திரும்பும். நிலுவைப் பத்தியில் அதே பெயர் அரையாண்டுக்கு அரையாண்டு நகர்ந்துகொண்டே வந்து கடைசியில் 'தள்ளுபடி' என்று சிவப்பு மையில் முடியும். வசதியுள்ளவர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் காலியாக இருந்தால் பாதி வரை கழிவு உண்டு என்ற விதியைக் காட்டி மனு போடுவார்கள். வீடு காலியாக இருந்ததா என்று நேரில் பார்த்துச் சான்று எழுத வேண்டியவர், அரையாண்டு முழுவதும் வசூலில் ஓடிக்கொண்டிருக்கும் அதே பில் கலெக்டர்.

எவ்வளவு வரி என்பதைவிட எந்த மாதம் வரி என்பதே பெரிய சிக்கல். அரையாண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும். பில் அப்போதே போனாலும் பணம் வந்து விழுவது செப்டம்பரிலும் மார்ச்சிலும். தோட்டிக்கும், குப்பை வண்டி மாட்டின் தீவனத்துக்கும், வாத்தியாருக்கும் மாதாமாதம் கொடுத்தாக வேண்டும். மே முதல் ஜூலை வரை நகராட்சியின் கஜானா இருப்பு அடிமட்டத்தில் கிடக்கும்.

அந்தப் பள்ளத்தை நிரப்பியது குத்தகைப் பணம். சுங்கச் சாவடி, சந்தை, வண்டிப்பேட்டை, ஆடு அடிக்கும் தொட்டி, சாலைப் புளிய மரங்களின் மகசூல் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் முதலில் டெபாசிட் கட்டி, மீதியை மாதக் கிஸ்தியாக, அதாவது தவணையாகக் கட்டுவார். சுங்கச் சாவடியை வியாபாரிகளும் வண்டிக்காரர்களும் சபித்தார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஊருக்கு மாதம் தவறாமல் ரொக்கம் கொண்டுவந்த வரும்படி அதுபோல் வேறில்லை. குத்தகைதாரர் கிஸ்தி தவறினால் அவர் பொறுப்பில் மறு ஏலம் விட்டு, நஷ்டத்தை டெபாசிட்டில் பிடிப்பார்கள். காலரா வந்து சந்தை கூடாத ஆண்டில் மறு ஏலத்திலும் ஆள் வரமாட்டார், டெபாசிட்டும் போதாது. 1931-இல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்து சாவடிகள் எடுக்கப்பட்டன. ஈட்டுத் தொகை கிடைத்தது. ஆனால் மாதக் கிஸ்தி போய், சர்க்கார் பணம் அனுப்பும் தேதியை எதிர்பார்க்கும் நிலை வந்தது.

சர்க்கார் மானியம் வந்தது உண்மை. ஆனால் அது பள்ளிக்கூடம், குடிநீர்த் திட்டம் என்று பெயர் குறித்து வரும், தெருவிளக்கு எண்ணெய்க்கு அதைத் திருப்ப முடியாது. குடிநீர்த் திட்டத்துக்கு மானியத்தோடு கடனும் சேரும். 1914-ஆம் ஆண்டின் உள்ளாட்சிக் கடன் சட்டப்படி தவணை தவறினால் நகராட்சி நிதியையே சர்க்கார் பற்றுகை செய்யலாம். ஆகவே பட்ஜெட்டில் முதல் இடம் கடன் தவணைக்கு. அடுத்தது சம்பளம். கான்ட்ராக்டர்கள் கடைசி.

பில் எப்படிப் பாசாகும் என்பதற்கு ரோட்டு ஜல்லியை எடுத்துக்கொள்ளலாம். முதலில் எஸ்டிமேட், அதற்குக் கவுன்சில் அனுமதி, டெண்டர், ஒப்பந்தம். ஜல்லியை ரோட்டோரம் சீரான குவியலாக அடுக்கவேண்டும், விலை 100 கன அடிக்கு இவ்வளவு என்று. ஓவர்சியர் வந்து நீளம், அகலம், உயரம் அளந்து அந்த இடத்திலேயே அளவுப் புத்தகத்தில் மையால் எழுதுவார். எம்-புக் என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான். பக்கங்களுக்கு அச்சிட்ட எண் உண்டு. பக்கம் கிழிக்கக் கூடாது, எழுதியதைச் சுரண்டக் கூடாது. தவறானால் ஒரே கோட்டால் அடித்துக் கையெழுத்திட வேண்டும். அளந்த குவியலின் மேல் சுண்ணாம்புத் தண்ணீர் தெளிப்பார்கள். அது ஏன் என்றால், வெள்ளையடிக்காத குவியலை இரவோடிரவாக அரை மைல் தள்ளிக் கொட்டி இன்னொரு முறை அளக்க வைக்கலாம். சுண்ணாம்பு பட்ட கல் புதுக் குவியலின் நடுவே தெரிந்துவிடும். மேட்டு மண்ணின் மீது ஜல்லியைப் பரப்பிக் குவியல் காட்டுவது இன்னொரு தந்திரம். அதைக் கண்டுபிடிக்கக் குவியலின் நடுவில் தரை தெரியும்வரை விலக்கிப் பார்க்க வேண்டும். பார்க்காத ஓவர்சியர் மண்ணுக்கு ஜல்லி விலை கொடுப்பார்.

அளவு முடிந்ததும் மேலதிகாரி ஒரு பகுதியை மறு அளவு செய்வார். பிறகு பில் தயாராகி, பட்ஜெட்டில் அந்தத் தலைப்பில் மீதி இருக்கிறதா என்று கணக்கர் குறிப்பெழுதுவார். தலைவர் பாஸ் உத்தரவு போடுவார். அதன்பின்தான் செக். வாங்குபவர் ரசீதில், தொகை 20 ரூபாயைத் தாண்டினால் ஒரு அணா ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட வேண்டும். பில்லில் 'செக் எண் இன்னது, தேதி இன்னது, பணம் கொடுக்கப்பட்டது' என்ற முத்திரை விழும். அந்த முத்திரை விழாத பில் இரண்டாம் முறை பணம் கேட்டு வரும், எனவே தணிக்கையாளர் முதலில் தேடுவதே முத்திரையைத்தான்.

எண்ணெய் பில் இதைவிட நுட்பமானது. மண்ணெண்ணெய்த் தெருவிளக்கு இருந்த ஊர்களில் நிலா வெளிச்சமுள்ள நேரத்தில் விளக்கேற்றுவதில்லை என்பது வழக்கம். ஆக, மாதத்துக்கு இத்தனை விளக்கு, விளக்குக்கு இத்தனை மணி, மணிக்கு இத்தனை எண்ணெய் என்ற கணக்கைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். பௌர்ணமி இரவிலும் அமாவாசைக்குச் சமமாக எண்ணெய் எரிந்திருந்தால், எண்ணெய் போன இடம் விளக்கல்ல.

தினக்கூலி ஆட்களுக்கு மஸ்டர் ரோல் என்ற வருகைப் பட்டியல். தினம் காலையில் வருகை குறித்து, வாரக் கடைசியிலோ மாதக் கடைசியிலோ கைநாட்டு வாங்கிப் பணம் கொடுப்பார்கள். வேலைக்கு வராத பெயர் அதில் இருப்பதுதான் மிகப் பழைய மோசடி. எல்லாக் கைநாட்டும் ஒரே விரலின் ரேகையாக இருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு பூதக்கண்ணாடி போதும்.

மாதக் கடைசியில் கஜானா பாஸ்புக் இருப்பையும் அலுவலக ரொக்கப் புத்தக இருப்பையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. எழுதிக் கொடுத்து மாற்றப்படாத செக்குகளும், இருசால் அனுப்பி கஜானாவில் இன்னும் ஏறாத தொகையும்தான் வித்தியாசம். இந்த இரண்டையும் பட்டியலிட்டால் வித்தியாசம் ஒரு பை கூடப் பிசகாமல் விளங்க வேண்டும். விளங்காத 3 ரூபாயைப் பல மாதம் 'பிறகு சரிசெய்யப்படும்' என்று தள்ளிக்கொண்டு போன அலுவலகங்களில்தான், பின்னாளில் பெரிய தொகை கையாடலாக வெளிப்பட்டிருக்கிறது. முறைகேடான செலவைப் பொறுப்பானவர் தலையிலேயே கட்டும் அதிகாரம் உள்ளாட்சி நிதித் தணிக்கைக்கு இருந்தது. ஆனாலும் தணிக்கை வருவதற்குள் ஆண்டு கடந்திருக்கும்.

செலவாகாத ஒதுக்கீடு மார்ச் 31 உடன் காலாவதி. வரியும் மார்ச்சில்தான் வந்து விழுகிறது. ஆகவே ஆண்டு முழுதும் காத்திருந்த பில்கள் ஒரே மாதத்தில் பாசாகும், அளவைச் சரிபார்க்க நேரம் இருக்காது. பழைய எம்-புக்குகளில் மார்ச் மாதப் பக்கங்களின் கையெழுத்தே வேறு மாதிரி அவசரமாக இருக்கும். கான்ட்ராக்டரும் இந்தக் காத்திருப்பை முன்கூட்டியே அறிந்து டெண்டரில் விலையைக் கூட்டித்தான் போடுவார். வட்டி என்று ஏட்டில் எழுதாமலே ஊர் வட்டி கட்டியது. 'சிக்கனம்' என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியாததற்கு முதல் காரணம் இது.

இவற்றையெல்லாம் சரிபார்க்க இன்றும் வழி இருக்கிறது. பல நகராட்சிகளின் ஆவண அறைகளில் அந்தக் காலப் பதிவேடுகள் மூட்டையாகக் கிடக்கின்றன. இடமில்லை என்று கழிவுக் காகிதமாக எடைக்குப் போடுவதற்கு முன், குறைந்தது நான்கைத் தனியே எடுத்து வைக்கும்படி நகராட்சி நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்: கேட்புப் பதிவேடு, ரொக்கப் புத்தகம், செக் அடிக்கட்டைகள் (செக்கைக் கிழித்த பின் புத்தகத்தில் தங்கும் பகுதி), அளவுப் புத்தகம். அச்சிட்ட ஆண்டறிக்கைக்கு வேறு பிரதி எங்காவது இருக்கும், இவற்றுக்கு இருக்காது. பில்லில் உள்ள தேதியையும் அடிக்கட்டையில் உள்ள தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு ஜல்லிக் கான்ட்ராக்டர் எத்தனை மாதம் காத்திருந்தார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உள்ளாட்சிக் கணக்குத் தணிக்கை அறிந்த வாசகர்