பினாங்குக்கு ஒரு பெண்ணை அனுப்புங்கள்

கோலாலம்பூர் வட்டாரத்துக் கோயில் நிர்வாகங்களுக்கும், கல்வி நிதி நடத்தும் சங்கங்களுக்கும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும்,

வணக்கம். பல் தாதிப் படிப்புக்கு நம் பெண்களைப் பினாங்குக்கு அனுப்ப உங்கள் உதவி கேட்டு எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு சங்கத்தின் பரிசளிப்பு விழாவுக்குப் போயிருந்தேன். மேடையில், பல் மருத்துவம் படிக்கப் போகும் மாணவர் ஒருவருக்குக் காசோலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன் வரிசையில் 3 வயதுப் பெண் குழந்தை ஒன்று அம்மா மடியில் பாட்டிலும் வாயுமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பாட்டிலில் டின்பால் கலந்த மைலோ சாக்லேட் பானம். கைதட்டல் சத்தத்தில் முழித்துக்கொண்டு கொட்டாவி விட்டது. மேல்வரிசை முன்பற்கள் நாலும் ஈறு மட்டத்துக்குக் கரைந்து பழுப்புக் கட்டைகளாக நின்றன. கீழ்வரிசைப் பற்கள் மட்டும் அரிசி மாதிரி வெள்ளை.

30 வருஷத்துக்கு மேல் அரசாங்கப் பல் தாதியாக இருந்தவள் நான். அந்தக் கொட்டாவி ஒன்று போதும், எனக்குக் கதை முழுக்கத் தெரிந்துவிடும். சப்பும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்ளும். இனிப்புப் பால் மேல்பற்களைச் சுற்றித் தேங்கும். தூக்கத்தில் எச்சிலும் குறைந்துவிடுவதால் அதைக் கழுவிவிட ஆளில்லை. அதனால்தான் மேலே நாலும் முதலில் போகின்றன. அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "பால் பல்தானே அக்கா, எப்படியும் விழுந்திடும்" என்றார். எத்தனை ஆயிரம் தடவை கேட்ட பதில்! முன்பல் 6, 7 வயதில் விழும், சரி. பால் கடைவாய்ப்பல் 10, 11 வயது வரை வாயில் இருக்க வேண்டியது. அது சொத்தையானால் பிள்ளை ஒரு பக்கமாக மெல்லும், ராத்திரி அழும், காலையில் பள்ளிக்குப் போகாது. இன்னொன்று, 6 வயதில் பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்றே வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆயுசுக்கும் உள்ள பல். போனால் போனதுதான்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். 2015இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில் 5 வயதுப் பிள்ளைகளில் 71.3 விழுக்காட்டினருக்குச் சொத்தைப்பல் இருந்தது. பிபிஆர் என்கிற அரசாங்க மலிவு வீட்டு அடுக்குமாடிகளில் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் நிலைமை எப்படி என்று உங்களுக்கே புரியும். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று நம் பள்ளிச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறோம். 17 மாடிக் கட்டடத்தில் ஆலுக்கும் வேலுக்கும் எங்கே போவது? கீழே மளிகைக் கடையில் சர்க்கரை கலந்த 3 இன் 1 பானப் பாக்கெட்டுக்கும் டின்பாலுக்கும் பஞ்சமே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்று காசோலை வாங்கிய தம்பி நன்றாகப் படிக்கட்டும், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் குழந்தையின் வாயை முதலில் பார்க்கப் போவது அவர் இல்லை. தடிகா என்கிற பாலர் பள்ளிக்கும் தொடக்கப்பள்ளிக்கும் மடக்கு நாற்காலியோடு வேனில் வந்து இறங்கும் பல் தாதிதான் பார்ப்பார். இப்போது அவர்களுக்கு ஜூருதெராபி பெர்கிகியான், அதாவது பல் சிகிச்சையாளர் என்று பெயர். வெளிநாடுகளில் டென்டல் ஹைஜீனிஸ்ட் என்பவர் பல்லைச் சுத்தம் செய்து, பராமரிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுப்பார். இங்கே நம் ஆட்கள் அதையும் செய்வார்கள், பிள்ளைகளுக்குப் பல் அடைப்பார்கள், கடைவாய்ப்பல் பள்ளங்களை மூடுவார்கள், மரத்துப்போக ஊசி போட்டுப் பால் பல்லும் பிடுங்குவார்கள். பல் மருத்துவரின் மேற்பார்வையில் செய்யும் வேலை. 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்த பிறகு, பதிவு பெற்ற தொழில் இது. இன்னும் "வெறும் மிஸ்ஸி வேலை", அதாவது வெறும் தாதி வேலை என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க.

இந்தத் தொழில் வளர்ந்ததே பள்ளிப் பிள்ளைகளுக்காகத்தான். அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஆலை நகரத்தில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் 1906இல் தன் உதவியாளரான ஐரீன் நியூமேனுக்குப் பல் சுத்தம் செய்யப் பழக்கினார். 1913இல் தன் வீட்டு வண்டிக் கொட்டகையில் வகுப்பே ஆரம்பித்தார். படித்து முடித்த பெண்கள் போன இடம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்கள். நியூசிலாந்து 1921இல் ஒரு படி மேலே போய், பல் அடைக்கவும் பிடுங்கவும் தாதிகளைப் பழக்கியது. அந்த வழியைப் பிடித்து 1949இல் பினாங்கில் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். சுதந்திரத்துக்கு முன்பே நம் வாசலுக்கு வந்துவிட்ட வாய்ப்பு. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்கும் தெரியாது. கடைசிப் படிவம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டுச் சீன ஆசிரியை ஒருவர்தான் பயிற்சிக்கான விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "பொம்பளைப் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்புறதா?" என்று அப்பா ஒரு வாரம் பேசவில்லை. கடைசியில் அவரே பட்டர்வொர்த் வரை ரயிலில் கூட வந்து, ஃபெரியில் ஏறும்வரை என் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பினாங்குதான், அவருக்கு அது கப்பல் பயணம்.

ஏன் நம் பெண்கள் வேண்டும் என்று கேட்பீர்கள். எல்லா இனத்துத் தோழிகளோடும் வேலை செய்தவள் நான், அவர்கள் கை நல்ல கை. ஆனால் ஒரு விஷயம். தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பிள்ளையிடம் மலாயில் "சாக்கிட்?" (வலிக்கிறதா?) என்று கேட்டால், எதற்கும் தலையை ஆட்டும். பயத்தில் ஆட்டுவது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "கூசுதா? கடிச்சா குத்துதா? ராத்திரி விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா?" என்று கேட்பேன். மூன்றும் ஒன்றில்லை. குளிர்ந்த தண்ணீருக்குக் கூசினால் அனேகமாக அடைத்துக் காப்பாற்றிவிடலாம். தூக்கத்திலிருந்து எழுப்பித் தெறித்தால் சொத்தை நரம்பைத் தொட்டிருக்கும், அடைப்பது வீண். வாய்க்குள் பார்த்துச் சொல்லலாம், தட்டிப் பார்க்கலாம், ஆனாலும் பாதி விடை பிள்ளையின் வாய்வார்த்தையில்தான் இருக்கிறது. ஒருமுறை பையன் ஒருவன் "பல்லுக்குள்ள யாரோ கதவு தட்றாங்க மிஸ்ஸி" என்றான். அதை மலாயில் எப்படிச் சொல்லியிருப்பான்? நான் ஓய்வு பெற்ற அன்று எங்கள் குழுவில் தமிழ் பேசியவள் நான் ஒருத்திதான்.

பள்ளிக்கே வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரச் சிக்கலில் வீட்டில் முடங்கியவர்கள். வேன் பள்ளி வாசலில்தான் நிற்கிறது, அவர்கள் வீட்டு வாசலுக்கு வராது. அந்த வீடுகளின் கதவைத் தட்டி உட்கார்ந்து பேசத் தெரிந்தவள் அதே அடுக்குமாடியில் வளர்ந்த பெண்ணாகத்தான் இருப்பாள்.

உங்களிடம் நான் பெரிய தொகை கேட்கவில்லை. படிப்பு 3 ஆண்டு டிப்ளோமா, பினாங்கில் உள்ள அரசாங்கக் கல்லூரி, ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். நம் பெண்கள் தடுக்கி விழும் இடமே வேறு. விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்று சொல்ல ஆளில்லை. இணையத்தில் பாரம் நிரப்ப வீட்டில் கணினி இல்லை. நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் மலாயில் நாலு வாக்கியம் தடுமாறாமல் பேசப் பழகியிருக்க மாட்டார்கள். ஏன் இந்த வேலை என்று கேட்டால் "அரசாங்க வேலை, அதான்" என்று சொல்லிவிட்டு வந்து நிற்பார்கள். பினாங்குக்குப் போக பஸ் காசு, கறுப்புக் காலணி, விடுதிக்கு ஒரு போர்வை என்று சில நூறு ரிங்கிட்டில் கனவு கலைந்ததையும் பார்த்திருக்கிறேன். இதற்கெல்லாம் உங்கள் கல்வி நிதியின் விதியில் இடமில்லையாம், பல்கலைக்கழகக் கடிதம் இருந்தால்தான் உதவியாம். அந்த விதியைத் திருத்துங்கள். பட்டதாரி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் டிப்ளோமா என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

இடையில் ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் சிவப்புச் சிராப்பைக் குடம் குடமாக ஊற்றுகிறீர்களே, பக்கத்தில் வெறும் தண்ணீர்க் குடம் ஒன்றும் வையுங்கள். முருகன் கோபிக்க மாட்டான்.

விழா முடிந்ததும் அந்த அம்மாவோடு வாசலில் நின்று பேசினேன். பாட்டிலை எப்படி நிறுத்துவது என்று சொன்னேன், மைலோவில் தினம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வந்து, இரண்டு வாரத்தில் வெறும் தண்ணீராக்கிவிட வேண்டும். அவருடைய மூத்த மகள் ஐந்தாம் படிவமாம், தட்டுகளை அடுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "கட்டைப் பல்லுக்கு மறுபடியும் உயிர் வருமா ஆன்ட்டி?" என்றாள். வராது என்றேன். "அப்ப அடுத்ததுக்கு என்ன பண்ணணும்?" என்று கேட்டாள் பாருங்கள், அந்தக் கேள்விக்கே கல்லூரியில் இடம் கொடுக்கலாம்.

அவளுக்கும், அவளைப் போல இன்னும் நாலைந்து பேருக்கும் நேர்முகப் பயிற்சி கொடுக்க நான் தயார். சம்பளம் வேண்டாம். ஒரு மேசை, இணையம் உள்ள ஒரு கணினி, ஒரு மின்விசிறி போதும். புதன்கிழமை மாலைகளில் உங்கள் மண்டபம் பூட்டித்தானே கிடக்கிறது? சாவியை யாரிடம் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பல் தாதி,
செந்தூல், கோலாலம்பூர்