நீல மூடி டப்பாக்காரர் உட்பட எல்லோருக்கும்

எங்கள் தெருக்காரர்களுக்கும், என் இட்லிக்கடையில் சாப்பிடுகிற எல்லோருக்கும் வணக்கம்.

மார்கழிக் கடைசியில் மூடிய கடையை வருகிற திங்கள்கிழமை திறக்கிறேன். நடுவில் 19 நாள் போய்விட்டது. வீடு வீடாக வந்து நன்றி சொல்லலாம்தான். ஆனால் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் இன்னும் இருமல் வருகிறது. அதோடு, யார் என்றே தெரியாத ஒருவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

வந்தது சாதாரணச் சளிதான். மூக்கு ஒழுகியது, தொண்டை கரகரத்தது, உடம்பு அடித்துப்போட்டாற்போல் வலித்தது. மூன்றாம் நாள் மூக்கு விட்டது, சளி நெஞ்சுக்கு இறங்கியது. முதலில் வறட்டு இருமல், அப்புறம் கோழை. வெள்ளையாக இருந்தது மஞ்சளாகி, பச்சையாகவும் ஆனது. படுத்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். இருமி இருமி, விலா எலும்பு ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். இருமும்போது சிறுநீர் வேறு கசிந்துவிடும். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. என் வயதுப் பெண்கள் நிறைய பேருக்கு அப்படி ஆகும் என்று நர்ஸம்மா சொன்ன பிறகுதான் இங்கே எழுதவே துணிந்தேன்.

மருந்துக்கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண்ணுக்கு நன்றிக்கு முன்னால் ஒரு மன்னிப்பு. வருஷா வருஷம் நான் அங்கே போய், "போன தடவை கொடுத்த மாத்திரையே மூணு நாளைக்குக் குடும்மா" என்று வாங்கி விழுங்குகிறவள். இந்தத் தடவை அவள் தரவில்லை. "சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் தர மாட்டேன்க்கா. உங்களுக்கு மூச்சு வாங்குது, டாக்டரைப் பாருங்க" என்றாள். கடையில் நாலு பேர் முன்னால் அவளைக் கத்திவிட்டு வந்தேன். கண்ணு, மனசில் வைத்துக்கொள்ளாதே.

டாக்டரம்மா காய்ச்சல் பார்த்தார், விரலில் கிளிப்பை மாட்டினார், முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னார். ஆக்சிஜன் 96. எக்ஸ்ரேயில் நிமோனியா இல்லை. மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கிக் கோழை கட்டியிருக்கிறது, இதைத்தான் பிராங்கைட்டிஸ் என்பது, பெரும்பாலும் வைரஸால்தான் வருகிறது, அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்றார். "சளி பச்சையா இருக்கே டாக்டர்?" என்று மடக்கினேன். கிருமியோடு சண்டை போட்ட வெள்ளை அணுக்களால் வருகிற நிறம் அது, நிறத்தை வைத்து மட்டும் மாத்திரை எழுத முடியாது என்றார். இருமல் அடங்க மூன்று வாரம்கூட ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அது எவ்வளவு பெரிய உதவி என்பது பத்தாவது நாள் ராத்திரிதான் புரிந்தது. இல்லையென்றால் வேறு டாக்டரைத் தேடிக் கிளம்பியிருப்பேன்.

அப்புறம், "புகை பிடிப்பீங்களா?" என்று கேட்டார். எங்கள் திண்டுக்கல் ஒரு காலத்தில் சுருட்டுக்குப் பேர்போன ஊர், ஆனால் எங்கள் வீட்டில் ஆம்பளைகள்கூடத் தொட்டதில்லை என்று கொஞ்சம் ரோஷமாகவே சொன்னேன். அடுத்த கேள்வி, "எத்தனை வருஷமா விறகடுப்பு?" 22 வருஷம். காலை நாலு மணியிலிருந்து பத்து மணி வரை, ஓடு வேய்ந்த சின்ன அடுப்படி, ஒரே ஒரு ஜன்னல். "அப்ப நீங்க பிடிக்கலை, அடுப்பு உங்களுக்காகப் பிடிச்சிருக்கு" என்றார். வருஷத்தில் மூன்று மாதம் கோழையோடு இருமல், அதுவும் அடுத்தடுத்து இரண்டு வருஷம் இருந்தால் அது நாள்பட்ட வகையாம். கார்த்திகையில் ஆரம்பித்து மாசி வரை நான் இருமுவதை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். தாளிக்கிற புகை என்று நானும் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். உடம்பு தேறியதும் குழாயில் ஊதிப் பார்க்கிற பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு கேட்டுவிட்டு வந்து நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு முதல் நாள் 200 இட்லிக்கு ஆர்டர் ஒப்புக்கொண்டிருந்தேன், முன்பணமும் வாங்கியாயிற்று. நாலு மணிக்கு எழுந்து, பனியில் நனைந்த கருவேல விறகைப் பற்றவைத்தேன். எரிவதற்கு முன்னால் புகைந்தது. பத்து நிமிஷத்தில் என்னால் ஒரு வார்த்தையை முழுதாகச் சொல்ல முடியவில்லை. வாசலில் நின்ற ஆட்டோ தம்பி என் முகத்தைப் பார்த்ததுமே வண்டியை எடுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கிளிப்பை மாட்டியபோது 91. முகமூடி மாட்டி மருந்துப்புகை கொடுத்தார்கள்.

தம்பி, அன்றைக்கு நீங்கள் சவாரிக் காசு வாங்கவில்லை, அது ஒரு பக்கம். எனக்கு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தபோது, "அதைப் பழகினா விடவே முடியாதாம்" என்று நான் அழுதேன். நீங்கள் உங்கள் அம்மாவுக்கு வைத்திருப்பதை எடுத்து, குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, அழுத்தும்போதே இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்கிக் காட்டினீர்கள். மாத்திரை வயிற்றுக்குப் போய் உடம்பெல்லாம் சுற்றி வரும், இது நேரே நெஞ்சுக்குப் போகிறது, அதனால் மருந்தும் கொஞ்சம்தான் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் கையில் வாங்கினேன்.

அந்த 200 இட்லி என்ன ஆயிற்று? மகளிர் குழுவில் ஆறு பேர் என் மாவைப் பங்கு போட்டு எடுத்துப்போய், அவரவர் வீட்டு கேஸ் அடுப்பில் அவித்து, ஏழு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தி வீட்டு இட்லி மட்டும் கல்லு என்று கேள்வி. யாரென்று சொல்ல மாட்டேன்.

எதிர்வீட்டு அத்தையைப் பற்றி நிறைய எழுதலாம். வேலியோரம் நிற்கிற ஆடாதோடையில் ஐந்து இலை பறித்து, நடுநரம்பைக் கிழித்து, மிளகு தட்டிப்போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் அரை டம்ளராகச் சுண்டும் வரை கொதிக்க வைத்து, இறக்கி ஆறின பிறகு தேன் விட்டுத் தருவார். கசப்பு நாக்கின் அடியில் ஒரு மணி நேரம் நிற்கும். டாக்டரம்மாவிடம் பயந்துகொண்டே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அந்த இலையில் இருக்கிற சத்தை வைத்துத்தான் ப்ரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே வந்தது என்றார். அத்தைக்கு அன்று முழுக்கத் தரை தெரியவில்லை. ஆனால் அதில் அத்தை சேர்த்த அதிமதுரத்தை மட்டும் டாக்டரம்மா நிறுத்தச் சொன்னார். நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள், அதிமதுரம் பிரஷரை ஏற்றிவிடுமாம். மாசமாக இருக்கிற என் மகள் ஒரு வாய் கேட்டபோது, "உனக்கு ஆகாதுடி, கருப்பையைச் சுருக்கிரும்" என்று டம்ளரைப் பிடுங்கியதும் அதே அத்தைதான். பேரனுக்கு இன்னும் ஒரு வயசு ஆகாததால் தேன் பாட்டில் பரணுக்குப் போனது. எனக்கு ராத்திரி இருமலைக் கொஞ்சமாவது தணித்தது வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்த அந்த ஒரு ஸ்பூன் தேன்தான், கண்ட சிரப்பு அல்ல.

ஆவி பிடித்ததில் ஒரு கூத்து. கட்டிலில் உட்கார்ந்து, மடிமேல் சட்டியை வைத்துப் போர்வையைப் போர்த்திக்கொண்டு இருமினேன். சட்டி கவிழ்ந்தது. தொடையில் இன்னும் தழும்பு இருக்கிறது. நர்ஸம்மா நாலு நாள் வீட்டுக்கே வந்து கட்டுப்போட்டார், திட்டிக்கொண்டே. அந்தத் திட்டுக்கும் சேர்த்து நன்றி.

இப்போது கசப்பான ஒன்று. இருமல் இரண்டு வாரம் தாண்டியதும், வழக்கப்படி சளியை டிபி பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். முடிவு வருவதற்குள் எனக்கு டிபி என்று தெருமுனை வரை பேச்சு போய்விட்டது. கிளப்பியது யார் என்று தெரியும், அவர் திங்கள்கிழமை வந்தாலும் இலை போடுவேன். அன்று சாயங்காலம் ரிட்டயர்டு கண்டக்டர் அண்ணன், தன் வழக்கமான பெஞ்சில், மூடிய கடை வாசலில், வந்து உட்கார்ந்துவிட்டார். "டிபி இருந்தா மருந்து சாப்பிட்டா சரியாப் போகுது. நான் இங்கதான் சாப்பிடுவேன்" என்று போகிற வருகிறவர் காதில் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே ஜன்னலோரம் நான் அழுததை அவர் பார்க்கவில்லை. மறுநாள் முடிவு வந்தது. டிபி இல்லை.

மகளிர் குழு கடன் கொடுத்து கேஸ் அடுப்பு வந்துவிட்டது. கொத்தனார் கூலி வாங்காமல் பின்சுவரை உடைத்து ஜன்னலைப் பெரிதாக்கி, காற்றை இழுக்கிற ஃபேனும் வைத்துக் கொடுத்தார். சிலிண்டர் விலைக்கு இட்லி ஒரு ரூபாய் ஏறும், கோபிக்காதீர்கள். சாம்பாரில் விறகு வாசம் இருக்காது என்று கண்டக்டர் அண்ணன் இப்போதே புகார் சொல்லிவிட்டார்.

இனி அந்தத் தெரியாத ஆள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் முதல் ஐந்து நாள், காலை ஆறு மணிக்குத் திண்ணையில் ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கும். நீல பிளாஸ்டிக் மூடி. உள்ளே தூதுவளை ரசம், முள் ஒன்றுகூட இல்லாமல் ஆய்ந்து, பூண்டு நசுக்கி, புளி கம்மியாக. கழுவித் திண்ணையில் வைத்தால் மறுநாள் நிரம்பி வரும். ஆறாம் நாள் காலியாகவே இருந்தது. எல்லோரையும் கேட்டுவிட்டேன், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. டப்பா கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடியில் 'ரா' என்று வெட்டியிருக்கிறது, அடுத்த எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது. திங்கள்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காலியாகத் தர மாட்டேன்.