கதையை முடித்துவிட்டுப் போங்கள்: தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சி சேனல்களின் நிகழ்ச்சிப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

இந்த ஆண்டு வந்த புதிய தொடர்களில் எது மிக நல்லது என்று கேட்டால், நீங்கள் பாதியில் நிறுத்திய அந்த இட்லிக்கடைத் தொடர் என்றுதான் சொல்வேன். எது மிக மோசம் என்று கேட்டால், அதன் நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிற தொடரைச் சொல்வேன். இரண்டும் ஒரே சேனலில் வந்தவை. பெயர்களை நான் எழுதப்போவதில்லை. எந்தச் சேனல், எந்தத் தொடர் என்பது இந்த மடலைப் படிக்கும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்களில் ஒருவர்தான் அந்த முடிவை எடுத்தார். மற்றவர்களும் அவரவர் சேனலில் இதே காரியத்தைச் செய்திருக்கிறீர்கள் என்பதால் மடலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். ஒரு கதையைத் தொடங்கினால் அதை முடித்துவிட்டுப் போங்கள்.

மதுரைக் கதை என்று சொல்லிக்கொண்டு எத்தனையோ தொடர்கள் வந்திருக்கின்றன. இந்தத் தொடரில்தான் நான் என் ஊரைப் பார்த்தேன். தள்ளுவண்டியில் இரவு இட்லிக்கடை நடத்திய அப்பா இறந்துபோகிறார். கடையும் அவர் வாங்கிய கடனும் மகள் தலையில் விழுகின்றன. முதல் வாரத்தில் ஒரு காட்சி வந்தது. வெந்த இட்லித் தட்டை எடுத்துத் துணியோடு கவிழ்க்கிறாள். துணியின் மேல் தண்ணீர் தெளித்து ஓரத்திலிருந்து உரிக்கிறாள். ஆவி மணிக்கட்டில் அடிக்கிறது. அவள் கையை உதறவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. ஒருமுறை ஊதிவிட்டு அடுத்த தட்டுக்குக் கையை நீட்டுகிறாள். வசனம் கிடையாது, பின்னணியில் இரைச்சல் கிடையாது. அந்த நடிகையை யாரோ ஓர் இட்லிக்கடையில் கொண்டுபோய் உட்காரவைத்துப் பழக்கியிருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவருக்கு என் வணக்கம்.

கடன் கொடுத்தவரையும் அப்படித்தான் காட்டினார்கள். முறுக்கு மீசையும் அரிவாளும் இல்லாத மனிதர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வருவார், "தங்கச்சி" என்று கூப்பிடுவார், இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அதற்குக் காசும் கொடுப்பார். பிறகு பையிலிருந்து வட்டிக் கணக்கு நோட்டை எடுப்பார். ரன் வட்டி, மீட்டர் வட்டி என்ற சொற்களைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. நாள் கணக்கிலும் மணிக் கணக்கிலும் ஏறுகிற வட்டி அது. கொடுக்கிறவர் எப்படிச் சிரித்துக்கொண்டே வருவார் என்பதை ஒரு தொடர் சரியாகக் காட்டியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எங்கள் தெரு புதூரில் இருக்கிறது. தெருவில் பாதிப் பெண்கள் பூக் கட்டுகிறவர்கள். விடியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் உதிரிப்பூ வாங்கிவந்து, நாரில் சரமாகத் தொடுத்துக் கொடுத்தால் கூலி. முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலை என்றால் யாராவது ஒருவர் வீட்டு முன்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். பூவைப் பார்த்துக் கட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. கை தன் வேலையைப் பார்க்கும், கண் திரையில் இருக்கும். இரவு ஏழு மணிக்கு அந்தத் தொடர் வந்தபோது கூடத்தில் பேச்சு நின்றுவிடும். விளம்பரம் வந்தால்தான் ஒருவர் மற்றவரிடம் நூறு பூக் கொடு என்று கேட்பார்.

அவர்களில் ஒரு மதினி, பெயர் வேண்டாம், வீட்டுக்காரரின் அறுவைச் சிகிச்சைக்காக வாங்கிய கடனுக்கு அதே மாதிரி வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். தொடரில் அந்தப் பெண், 2003-ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது என்று ஒரு வழக்கறிஞர் சொல்லித் தெரிந்துகொள்கிறாள். அந்த அத்தியாயம் முடிந்த பிறகு மதினி என்னிடம், "அப்படி ஒரு சட்டம் உண்மையிலேயே இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது, மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை என்று சொன்னேன். "சரி, இவள் என்ன செய்கிறாள் பார்ப்போம்" என்றார். அந்தப் பெண் மனுக் கொடுத்தால் என்ன ஆகும், வெள்ளைச் சட்டைக்காரர் மறுநாள் எப்படி வந்து நிற்பார், கடைக்கு வருகிறவர்கள் அவள் பக்கம் நிற்பார்களா என்பதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் தானும் ஒரு முடிவுக்கு வருவது என்று அவர் இருந்தார். ஒரு கதைக்கு இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு பார்வையாளர் கொடுக்க முடியாது.

நீங்கள் அந்த மரியாதைக்கு என்ன செய்தீர்கள்? நான்காம் மாதம் தொடரை இரவு பத்தரை மணிக்குத் தள்ளினீர்கள். முந்தைய நாள் திரையின் அடியில் ஓடிய ஒரு வரிதான் அறிவிப்பு. விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள் பத்தரைக்கு எப்படி விழித்திருப்பார்கள்? செயலியில் பார்க்கலாம் என்பீர்கள். அதற்குத் தனிச் சந்தா. வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் பிள்ளையின் கையில். ஆனாலும் சிலர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்தார்கள். மதினி பார்த்தார். காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போகும் பஸ்ஸில் மற்றவர்களுக்கு அவர்தான் கதை சொல்வார்.

கடைசியாக வந்த அத்தியாயத்தில், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் அந்தப் பெண் நிற்கிறாள். கையில் மனு. அவளுக்கு முன்னால் இரண்டு பேர். பின்னால் ஒரு பெரியவர், "எழுதியதை இன்னொரு தடவை படித்துப் பார்த்துக்கொள் அம்மா" என்கிறார். அவள் படிக்கத் தொடங்குகிறாள். அத்துடன் அன்றைய பகுதி முடிந்தது. மறுநாள் அதே நேரத்தில் ஒரு இந்தித் தொடரின் டப்பிங் ஓடியது. 'முற்றும்' என்று ஒரு அட்டை போடவில்லை. நடித்தவர்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நடிகர் விலகினால் 'இவருக்குப் பதில் இவர்' என்று போடத் தெரிந்த உங்களுக்கு, ஒரு கதையே போய்விட்டது என்று சொல்லத் தோன்றவில்லை.

இப்போது ஏழு மணிக்கு என்ன வருகிறது? அதுவும் மதுரைக் குடும்பத்துக் கதைதான். வீட்டில் ஆண்கள் எல்லோரும் அரிவாளோடுதான் பேசுகிறார்கள். வாசலில் நிற்கும் கார்களின் எண் பலகையில் சென்னைப் பதிவு எண். மதுரை வண்டிக்கு 58, 59, 64 என்று எங்கள் ஊர்க் குழந்தை சொல்லும். வீட்டைச் சுற்றிக் கடற்கரைச் சாலைத் தென்னை மரங்கள். பேசுவது நெல்லைத் தமிழ் போல ஒன்று. இவற்றைக்கூட அவசரத்தில் நேர்ந்தவை என்று விட்டுவிடலாம். கதாநாயகன் மனைவியைக் கன்னத்தில் அறைகிறான். அந்த அறையை மூன்று கோணத்தில், மூன்று முறை, இடி முழக்கத்தோடு காட்டுகிறீர்கள். மறுவாரம் அதே ஆள் அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கி வருகிறான், அதைக் காதல் என்று பாட்டுப் போடுகிறீர்கள். அந்தக் கூடத்தில் பூக் கட்டுகிற பெண்களில் அப்படி அறை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்தக் காட்சியின்போது தலையைக் குனிந்து பூவைப் பார்த்துக் கட்டியதை நான் பார்த்தேன். இந்த ஆண்டின் மோசமான தொடர் என்று நான் இதைச் சொல்வதற்கு வேறு காரணம் தேவையில்லை.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பகல் ஒரு மணிக்கு வந்த மருத்துவமனைத் தொடர் முதல் மாதம் நன்றாக இருந்தது. பிறகு ஞாபகமறதியும் குழந்தை மாற்றமும் வந்து சேர்ந்தன. குழந்தைகள் நடனப் போட்டியில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அசைவுகளைச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள். அதில் ஒரு சிறுவன் தவில் வாசித்த ஒரு பகுதி மட்டும் இந்த ஆண்டு நான் இரண்டாம் முறை தேடிப் பார்த்த நிகழ்ச்சி.

பார்வையாளர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று நீங்கள் சொல்வீர்கள். 2015 முதல் பார்க் (BARC) என்ற அமைப்பு, மாதிரிக்கெனத் தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி வைத்துக் கணக்கெடுக்கிறது, வியாழக்கிழமைதோறும் எண் வருகிறது, விளம்பரதாரர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் எங்களுக்கும் தெரியும். பத்தரை மணிக்குத் தள்ளிவிட்டுப் பிறகு ஆள் குறைந்துவிட்டது என்று சொல்வது என்ன நியாயம்? கடையை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டு வியாபாரம் இல்லை என்று பூட்டுகிற மாதிரி இருக்கிறது. விளம்பரம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேபிள் டிவி விதிகளின்படி ஒரு மணி நேரத்துக்கு விளம்பரமும் உங்கள் சொந்த முன்னோட்டங்களும் சேர்த்து 12 நிமிடம்தான். ஏழிலிருந்து எட்டு வரை கடிகாரத்தை வைத்துக்கொண்டு உங்கள் சேனல் முன்னால் நீங்களே ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். மாதாமாதம் கேபிளுக்குப் பணம் கட்டுகிறவர்கள் நாங்கள். எங்களிடம் வாங்கிக்கொண்டு, விளம்பரதாரரிடமும் வாங்கிக்கொண்டு, கதையை மட்டும் பாதியில் விட்டுவிட்டுப் போகிறீர்கள்.

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன். மன்னிக்க வேண்டும். நான் சொல்லவந்தது கதையை முடிப்பது பற்றி.

அது முடியாத காரியம் இல்லை. தூர்தர்ஷனில் தொடர்களுக்குப் பதின்மூன்று வாரம் என்று அனுமதி கிடைத்த காலம் இருந்தது. அதற்குள் ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் இருக்கும். தனியார் சேனல் காலத்திலும், 2024 நவம்பரில் மதுரையில் காலமான எங்கள் எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு' தொடர் போட்ட முடிச்சை அவிழ்த்துவிட்டுத்தான் விடைபெற்றது. 'கோலங்கள்' 2003-இல் தொடங்கி 2009 வரை 1,500 அத்தியாயங்களுக்கு மேல் ஓடியது. நீளம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு, ஆனால் அதற்கும் ஒரு கடைசி நாள் இருந்தது. மதுரையில் நடக்கும் கதையான 'எதிர்நீச்சல்' உச்சத்தில் இருந்தபோது, அதன் உயிராக இருந்த, தேனி மாவட்டத்துக்காரரான நடிகர் மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று மறைந்தார். அதைவிடப் பெரிய இடி ஒரு தொடருக்கு வர முடியாது. தொடரை அங்கேயே போட்டுவிடவில்லை. எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார், கதை தொடர்ந்தது. மரணத்தைத் தாண்டியும் கதையைக் கொண்டுபோக முடிந்த ஒரு துறையில், ஒரு வியாழக்கிழமை எண்ணைத் தாண்டிக் கொண்டுபோக முடியாதா?

எனவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். புதிய தொடரைத் தொடங்கும்போதே, எண்ணிக்கை எப்படி இருந்தாலும் இத்தனை அத்தியாயங்கள் நிச்சயம் என்று உறுதி கொடுங்கள். அது அறுபதாக இருந்தாலும் போதும். எழுதுகிறவர்களும் அந்த அளவுக்குள் முடிகிற கதையை எழுதட்டும், வரவேற்பு இருந்தால் நீட்டிக்கொள்ளுங்கள். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லிவிட்டு, அந்த இரண்டு வாரத்தில் முடிவைக் காட்டுங்கள். நேரத்தை மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரமாவது திரையில் அறிவியுங்கள்.

இட்லிக்கடைத் தொடரை நிறுத்தியவரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். எடுத்து வைத்த பகுதிகள் உங்களிடம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவற்றைப் போடுங்கள். எடுக்கவில்லை என்றால், அந்தக் கதையை எழுதியவரை அரை மணி நேரம் திரையில் உட்காரவைத்து, மனுவைக் கொடுத்த பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று சொல்லச் சொல்லுங்கள். செட் வேண்டாம், இசை வேண்டாம். ஞாயிறு பகல் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள், இரவு பத்தரை வேண்டாம். என்றைக்கு என்று நான்கு நாள் முன்னதாகத் தெரிவித்தால் தெருவில் எல்லோருக்கும் நானே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மதுரை புதூரிலிருந்து ஒரு பார்வையாளர்