பொய்ச் சிகிச்சைக் குழுவில் போட்டாலும் சரி, ஆய்வைக் கிழக்குக்குக் கொண்டுவாருங்கள்

சுகாதார அமைச்சுக்கும், கிழக்கில் இரைப்பை, குடல் வருத்தம் பார்க்கும் வைத்தியர்களுக்கும், மருத்துவ ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுக்களுக்கும் வணக்கம்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். சாப்பாடு இறங்காத இரைப்பைக்குச் செய்யும் ஜி-போயெம் என்ற சிகிச்சையின் ஆய்வில் எங்கள் கிழக்கு நோயாளிகளையும் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். என் அம்மாவுக்கு 19 வருசமாகச் சீனி வருத்தம். கடைசி 4 வருசமாகச் சாப்பாடு வயிற்றை விட்டு இறங்குவதில்லை. காலை ஏழு மணிக்குச் சாப்பிட்ட பிட்டு பின்னேரம் நாலு மணிக்குச் சத்தியில் வரும்போது தேங்காய்ப்பூ தனியாக, மா தனியாக, பேசினுக்குள் அப்படியே கிடக்கும். அதைவிடப் பயம் இன்சுலின். ஊசி போட்டால் அது தன் வேலையைச் செய்துவிடும், சாப்பாடு மட்டும் வயிற்றிலேயே நிற்கும். கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கு நெற்றி வியர்த்துக் கை நடுங்கத் தொடங்கும், ஓடிப்போய்க் குளுக்கோஸ் கரைத்துப் பருக்குவோம், பிறகு இரவு பத்து மணிக்கு அதே சாப்பாடு மெல்ல இறங்கச் சீனி 300ஐத் தாண்டும்.

முதல் 2 வருசமும் காஸ்ட்ரைட்டிஸ் என்றுதான் குளிசை கொடுத்தார்கள். ஒரு வைத்தியசாலையில் கமரா விட்டுப் பார்த்தபோது உள்ளே முதல்நாள் சோறு கிடந்ததாம். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று அம்மாவைத்தான் ஏசினார்கள். 14 மணித்தியாலம் ஒரு பருக்கை வாயில் வைக்காமல் போனவர் அவர். பேசாமல் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துதான் அழுதார்.

இந்த வருத்தத்துக்குக் காஸ்ட்ரோபரேசிஸ் என்று பெயர் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அடைப்பு எதுவும் இருக்காது, ஆனால் இரைப்பை தள்ள வேண்டியதைத் தள்ளாது. நீண்டகாலச் சீனி வருத்தம் இரைப்பையை இயக்கும் நரம்பைக் கெடுப்பது ஒரு காரணம். இதற்குக் கொடுக்கும் குளிசைகளில் டொம்பெரிடோன் இதயத் துடிப்பைக் குழப்பலாம், மெட்டோகுளோபிரமைட் நீண்டகாலம் எடுத்தால் முகமும் நாக்கும் தானாக அசையத் தொடங்கலாம். ஆகவே குளிசையை நம்பி எவ்வளவு காலத்துக்கு இருப்பது?

அதனால்தான் ஜி-போயெம் பற்றி எழுதுகிறேன். வாய் வழியாகக் கமராக் குழாயை விட்டு, இரைப்பையின் உள்தோலுக்கு அடியில் சுரங்கம் மாதிரி ஒரு வழி எடுத்து, இரைப்பையின் கீழ்வாயை இறுக்கிப் பிடிக்கும் தசை வளையத்தை வெட்டிவிட்டு, நுழைந்த இடத்தைக் கிளிப் போட்டு மூடுவார்கள். வயிற்றுக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லை. மனிதரில் செய்த முதல் அனுபவம் 2013இல் வெளிவந்தது.

இதை நாளைக்கே எல்லோருக்கும் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. இதே கீழ்வாய்த் தசைக்கு, அதைத் தளர்த்தும் பொட்டொக்ஸ் ஊசி போட்டபோதும் முதலில் நல்ல சுகம் என்றுதான் சொன்னார்கள். பிறகு ஒரு பகுதியினருக்கு வெறும் உப்புநீர் ஊசியைப் போட்டு ஒப்பிட்டதும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சத்தியும் ஓங்காளமும் கூடிக் குறைகிற விசயம், பெரிய சிகிச்சை நடந்தது என்ற நம்பிக்கையே கொஞ்சக் காலம் ஆளைத் தூக்கிவிடும்.

செக் நாட்டில் இதைச் சரியாகச் செய்தார்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வில் கடும் வருத்தமுள்ள 41 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 21 பேருக்கு உண்மையாகவே தசையை வெட்டினார்கள், 20 பேருக்கு மயக்கம் கொடுத்துக் கமரா மட்டும் விட்டார்கள், இதுதான் பொய்ச் சிகிச்சை. யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. 6 மாதத்தில் வெட்டியவர்களில் 71 வீதம் பேருக்குத் தொல்லை பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தது, வெட்டாதவர்களில் 22 வீதம் பேருக்கு. ஒன்றுமே செய்யாமல் ஐந்தில் ஒருவருக்குச் சுகம்! அந்த 22ஐ அளக்காமல் விட்டிருந்தால் 71க்கு என்ன அர்த்தம்? சுகம் வராத பொய்ச் சிகிச்சைக்காரருக்குப் பிறகு உண்மையான சிகிச்சையையும் கொடுத்தார்கள்.

ஆனால் 41 பேர் என்பது சின்னத் தொகை. சிலருக்குக் கீழ்வாய் இறுக்கம்தான் பிரச்சினை, சிலருக்கு இரைப்பையே சோர்ந்து கிடக்கிறது, யாருக்கு வெட்டினால் பலன் என்று முன்கூட்டியே சொல்வது இன்னும் கஷ்டம். இரத்தம் போகலாம், துளை விழலாம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட இன்னும் ஆட்கள் வேண்டும், எங்கள் சீனிக் கிளினிக்குகளில் விடியக் காலையிலேயே வரிசையில் நிற்பவர்களில் எத்தனையோ பேர் இந்த வருத்தத்தைக் காஸ்ட்ரைட்டிஸ் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே கேட்கிறேன். இந்தச் சிகிச்சை இங்கே வரும்போது இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்த ஆய்வாக வரட்டும், மட்டக்களப்பு, அம்பாறை நோயாளிகளும் அதில் இருக்கட்டும். கத்தி வைக்கிறதற்கு முன் சாப்பாடு வயிற்றை விட்டு இறங்குகிற வேகத்தை அளந்து பாருங்கள். கொஞ்சம் கதிரியக்கப் பொருள் கலந்த முட்டை வெள்ளைக்கருவைப் பாண், ஜாமோடு சாப்பிடக் கொடுத்து, அது இறங்குவதை 4 மணித்தியாலம் காமா கமராவில் படம் எடுப்பதுதான் வழக்கமான முறை, அதற்காகச் சத்தி எடுக்கிற ஆளை மகியங்கனை வளைவுகளில் பஸ்ஸில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். மூச்சைப் பையில் ஊதவைத்து அளக்கும் முறையும் இருக்கிறது, அந்த மாதிரியை இங்கேயே எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம், அதை யோசியுங்கள்.

அடுத்தது, சம்மதப் பத்திரம். அம்மா இதுவரை கையொப்பம் வைத்த தாள்களில் பாதி அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தவை. இதைத் தமிழில் எழுதுங்கள், "மிகைசார் இடர்" என்ற தமிழில் வேண்டாம், சத்தி, ஓங்காளம், இரத்தம் போகலாம் என்ற தமிழில். பொய்ச் சிகிச்சை என்றால் எங்கள் சனம் பயந்து ஓடிவிடும் என்று நினைக்காதீர்கள். நான் அம்மாவுக்கு ஒரு பின்னேரம் முழுக்க இதை விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெட்டாத பக்கம் விழுந்தா ஆறு மாசம் கழிச்சு வெட்டுவாங்களா புள்ள?" என்று கேட்டார். வெட்டுவார்கள் என்று எழுத்தில் இருந்தால் கையொப்பம் வைப்பாராம்.

அந்த வரியை மட்டும் பத்திரத்தில் தெளிவாகப் போடுங்கள்.