ஒன்பது தையலும் உன் புது எஞ்சினும்

கோயம்புத்தூர்,
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வம்,

இங்கு அனைவரும் நலம். தங்கையின் முழங்கால் வலி குறைந்ததா என்பதை அடுத்த கடிதத்தில் எழுது. உன் இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடாததற்கு இந்த முறை சோம்பேறித்தனம் காரணமில்லை. வலது கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் சேர்த்து ஒன்பது தையல் போட்டிருந்தார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், குறிப்பாக மூர்த்தி அண்ணனிடம். அவர் சிரிக்கத் தொடங்கினால் நிறுத்துவதற்கு எந்த சுவிட்சும் கிடையாது என்பது உனக்கே தெரியும். ஆனால் ரிமோட்டில் பறக்கும் உன் மாதிரி விமானத்துக்கு 20 சிசி பெட்ரோல் எஞ்சின் வாங்கிவிட்டதாகவும், சித்திரை முதல் நாள் விடுமுறையில் மொட்டை மாடியில் வைத்துத் தனியாகவே ஓட்டிப் பார்க்கப் போவதாகவும் நீ எழுதியிருப்பதைப் படித்த பிறகு மானம் மரியாதை பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். மாசியில் ஒரு ஞாயிறு காலை, வற்றிய குளத்துப் படுகையில் எஞ்சினை அருமையாக ஓட்டிவிட்டு, ரிமோட்டில் த்ரோட்டிலை, அதாவது எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திறப்பை, அடியோடு மூடி நிறுத்தினேன். மெதனாலில் ஓடும் குளோ எஞ்சின்களோடு இருபது ஆண்டு பழகிய கைக்கு அதுதான் பழக்கம். ப்ராப், அதாவது மூக்கில் சுழலும் விசிறி, செங்குத்தாக நின்றிருந்தது. காரில் ஏற்றும்போது இடிக்குமே என்று அதை இரண்டு விரலால் கிடைமட்டத்துக்குத் திருப்பினேன். ஒரே ஒரு ‘டப்’. இக்னிஷன் சுவிட்ச் ஆனிலேயே இருந்திருக்கிறது. அதன் சிவப்பு விளக்கு பத்து மணி வெயிலில் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அரைச் சுற்று சுற்றியிருக்குமோ என்னவோ, அவ்வளவுதான். முதலில் வலிக்கக்கூட இல்லை; நான் ஒரு வாரம் உட்கார்ந்து மஞ்சள் பெயின்ட் அடித்த எஞ்சின் மூடியின் மேல் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு விழுந்த பிறகுதான் கையைப் பார்த்தேன். தையல் போட்ட இளம் மருத்துவர், “மிக்ஸியா, தேங்காய்த் துருவியா?” என்று கேட்டார். “விமானம்” என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

நாம் இருவரும் பொறி தேவைப்படாத குளோ எஞ்சினில் வளர்ந்தவர்கள் என்பதால் இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள். பெட்ரோல் எஞ்சினில் ப்ராப்புக்குப் பின்னால் இருக்கும் வளையத்தில் ஒரு சிறு காந்தம் பதிக்கப்பட்டிருக்கிறது. அது பக்கத்தில் உள்ள சென்சாரைக் கடக்கும்போது இக்னிஷன் பெட்டி ஸ்பார்க் பிளக்குக்குப் பொறியை அனுப்புகிறது. ப்ராப்பைச் சுற்றுவது எரியும் எஞ்சினா, உன் விரலா என்று அந்தக் காந்தத்துக்குத் தெரியாது. பேட்டரி இணைந்திருக்க, காந்தம் கடந்தால் பொறி. சிலிண்டருக்குள் கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிஞ்சியிருந்தால் வெடிப்பு. ஆகவே எஞ்சின் நின்றுவிட்டது என்று ப்ராப்பைப் பார்த்து முடிவு செய்யாதே. இக்னிஷன் பேட்டரியின் ஒயரைக் கழற்றிக் கையில் பிடித்த பிறகு முடிவு செய். சுவிட்சை விமானத்தின் பக்கவாட்டில், ப்ராப்பிலிருந்து தள்ளி, பின்னால் நின்று எட்டும்படி வை. அதோடு, ரிமோட்டிலிருந்தே பொறியை நிறுத்தும் ஆப்டிகல் கில் சுவிட்ச் ஒன்றையும் வாங்கிப் போடு. நான் அதைத்தான் காசுக்குப் பார்த்து வாங்காமல் விட்டேன். இன்னொன்று, பிளக்கிலிருந்து மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு “பொறி வருகிறதா பார்ப்போம்” என்று இக்னிஷனைப் போடாதே. போகிற வழி இல்லாத மின்சாரம் அந்தப் பெட்டியையே எரித்துவிடும். இமர்ஷன் ஹீட்டரை வைத்து ஆறாம் எண் அறைக்கு நீ செய்த உபகாரத்தை வார்டன் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். 17 அங்குல ப்ராப் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 650 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கையில் கட்டோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்தால் அது சுழலும் தட்டின் நேர்கோட்டில்தான் பறக்கும். உன் மாடியில் அந்தக் கோட்டில் தண்ணீர்த் தொட்டியும் பக்கத்து வீட்டு அம்மா வடகம் காயவைக்கும் இடமும் இருக்கின்றன. முழு வேகத்தில் அந்தச் சின்ன எஞ்சின் நான்கைந்து கிலோ விசையோடு முன்னால் இழுக்கும். ஒற்றைக் கையால் வாலைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ரிமோட்டை இயக்கிவிடலாம் என்று நினைக்காதே. திறந்த வெளியில், தரையில் அடித்த முளைகளில் வாலைக் கயிற்றால் கட்டி, கூடவே ஓர் ஆளையும் பிடிக்கச் சொல்ல வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் எல்லாரும் ப்ராப்புக்குப் பின்னால் நிற்கட்டும். தோளில் துண்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, தளர்ந்த சட்டைக் கை எதுவும் அருகில் வரக் கூடாது.

மரப் ப்ராப் வெயிலில் காய்ந்து சுருங்கும், போல்ட் தளரும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி முறுக்கிப் பார், விளிம்பில் சிறு வெட்டு தெரிந்தாலும் தூக்கி எறி. எஞ்சினைத் தாங்கும் பலகையின் போல்ட்டுகளும் அப்படியே, அதிர்வு எதையும் விட்டுவைக்காது. குளோ எஞ்சினுக்கு வாங்கி மீதம் வைத்திருக்கிறாயே சிலிக்கோன் குழாய், அதை இதில் போடாதே. பெட்ரோலில் அது ஊறி உப்பிக் கழன்றுவிடும். டேங்கின் ரப்பர் அடைப்பானும் பெட்ரோலுக்கு உரியதாக இருக்க வேண்டும். விமானத்துக்குள் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு ஒரு பேட்டரி, இக்னிஷனுக்குத் தனிப் பேட்டரி. இரண்டுக்கும் நடுவே ஓர் அடியாவது இடைவெளி. த்ரோட்டிலை இழுக்கும் கம்பி நைலானாக இருக்கட்டும், உலோகமாக இருந்தால் இக்னிஷனின் இரைச்சலை ரிசீவர் வரைக்கும் அது கூட்டிக்கொண்டு வரும். சிக்னல் அறுந்தால் எஞ்சின் தானே அடங்கும்படி பெயில்சேப்பை அமைத்து, விமானத்தைக் கட்டிப்போட்ட நிலையில் ரிமோட்டை அணைத்துச் சோதித்துப் பார்.

எண்ணெய்க் கணக்கு உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பங்கிலேயே டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஊற்றி டிவிஎஸ் 50 ஓட்டியவன் நீ. கையேட்டில் 30-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 33 மில்லி, குறைக்காதே. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வைக் கெடுக்கும். அதனால் அன்றன்றைக்குக் கலந்து, மாலையில் டேங்கைக் காலி செய்துவிடு. தண்ணீர் பாட்டிலில் வாங்கிவந்து சமையலறை வாசலில் வைக்காதே. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப் போகும். பக்கத்தில் உலர் பொடித் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

கிளப்பும் முறை சிரமமில்லை. காற்று வரும் வழியை அடைக்கும் சோக்கை மூடி, த்ரோட்டிலைக் கொஞ்சம் திறந்து, தடித்த தோல் கையுறை போட்டுக்கொண்டு, இக்னிஷனைப் போட்டு ப்ராப்பைச் சுண்ட வேண்டும். ஒரு ‘டப்’ கேட்டதும் சோக்கைத் திறந்து மறுபடி சுண்டினால் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் ப்ராப்பின் மேலாகக் கையை நீட்டாமல், இறக்கையின் நுனியைச் சுற்றிப் பின்னால் போ. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் திருத்தும் ஊசிகளைத் திருப்புவதும் பின்னால் இருந்துதான், அதுவும் முதல் சில நாள் எஞ்சினை நிறுத்திவிட்டு. அதிக வேகத்துக்கான ஊசியில் உச்சச் சத்தம் வந்ததும் “ஆகா” என்று அங்கேயே விட்டுவிடத் தோன்றும். கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகப் போகும்படி திரும்பத் திறந்து வை. வறண்டு ஓடும் எஞ்சின் இனிமையாகப் பாடிவிட்டு, சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவையும் எழுதி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. ஆள்காட்டி விரல் இன்னும் பாதிதான் மடங்குகிறது, என் ‘ழ’கரம் எல்லாம் எறும்பு நசுங்கியது போல இருப்பதை நீயே பார்க்கலாம். சித்திரைக்கு அடுத்த சனிக்கிழமை நான் கரூருக்கு வருகிறேன். காலை பேருந்தில் ஏறினால் மதியத்துக்குள் வந்துவிடுவேன், ஆற்றுப் பக்கம் காலியான இடம் ஒன்றை மட்டும் பார்த்து வை. அதுவரை எஞ்சினைப் பலகையில் பொருத்து, குழாய்களை மாட்டு, ஆசை தீரும்வரை துடைத்துத் துடைத்து வை. இக்னிஷன் பேட்டரியை மட்டும் தங்கையிடம் கொடுத்து அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல். நான் வந்து அவளிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ராமு