வியாழக்கிழமை வந்த ஆசிரியை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆரணி அருகே ஒரு கிராமத்தில் பட்டுத்தறி நெய்கிறேன். என் மகனுக்கு ஒன்பது வயது. அறிவுசார் குறைபாடு என்று அடையாள அட்டையில் இருக்கிறது. உள்ளூர் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான்.

போன வருடம் வரை வியாழன்தோறும் ஒரு சிறப்பாசிரியை வருவார். ஏழு பள்ளிகளுக்கு அவர் ஒருவர்தான்; என் மகனுக்குக் கிடைத்தது வாரம் ஒரு மணி நேரம். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், தறியடியில் கிடந்த தார்களை, அதாவது நூல் சுற்றிய சிறு குழல்களைப் பார்த்தார். பச்சையும் அரக்கும் மஞ்சளுமாகப் பத்துத் தார் கேட்டு வாங்கிப் போனார். மூன்று வருடம் சிலேட்டில் வராத எண்ணிக்கை, ஏழே மாதத்தில் தாரில் வந்தது. சட்டைப் பித்தான் போடப் பழக்கியவரும் அவர்தான். அவசரத்தில் நாங்களே போட்டுவிடுவோம், அது எங்கள் தவறு.

அவர் வேலையை விட்டுவிட்டார். தொகுப்பூதியம், அதுவும் 2024-25இல் பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்ட நிதியை மத்திய அரசு நிறுத்திவைத்தபோது தள்ளிப்போனதாக வருந்தினார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கூலி எப்போது வரும் என்று தெரியாத தறியில் நானும் உட்கார மாட்டேன்.

விசாரித்தால், "ஆள் கிடைக்கவில்லை" என்கிறார்கள். சிறப்புக் கல்வியில் பி.எட். படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவும் செய்தவர்கள் ஒப்பந்தச் சம்பளத்துக்கு எத்தனை நாள் தங்குவார்கள்? தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், நடுநிலை வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் என்று 2022இலேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. பணியிடங்களை உருவாக்கி அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நிரந்தரப் பணியிடம் என்று அறிவித்துப் பார்த்துவிட்டு, பிறகு ஆள் இல்லை என்று சொல்லட்டும்.

கல்வித்துறையின் வட்டார வள மையத்துக்கு அவனை அழைத்து வரச் சொன்னார்கள். ஒருநாள் நெசவை விட்டுவிட்டுப் போனேன். இயன்முறை மருத்துவர் இருந்தார். என் மகனுக்குக் கையும் காலும் நன்றாகவே இருக்கின்றன. சொல்லிக்கொடுக்கத்தான் அங்கும் ஆள் இல்லை. வகுப்பாசிரியை நல்லவர். நான்கையும் ஐந்தையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

பத்து வரை எண்ணியவன் இப்போது ஆறோடு நின்றுவிடுகிறான். ஜூனில் பள்ளி திறக்கும்போது எங்கள் பள்ளிக்கு எந்தக் கிழமை, யார் வருவார் என்பதையாவது கல்வித்துறை முன்கூட்டியே பள்ளிப் பலகையில் எழுதிப் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு நெசவாளர்,
ஆரணி வட்டம்