ரிப்போர்ட் எல்லாம் நார்மல், அப்புறம் ஏன் இப்படி? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

எம்ஆர்ஐயும் நார்மல் என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். அதில் நிம்மதியை விட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது. ஏதாவது ஒன்று வந்திருந்தால் அதற்கு ஒரு பேர் இருந்திருக்கும், மாத்திரை இருந்திருக்கும், வீட்டில் இருப்பவர்கள் உன்னைப் பார்க்கிற பார்வையும் கொஞ்சம் மாறியிருக்கும். இப்போது கையில் இருப்பது ஒரு தடித்த ஃபைல், அதைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் நீ நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறது, நெஞ்சு மட்டும் அதையெல்லாம் படிக்காத மாதிரி படபடவென்று அடித்துக்கொள்கிறது. உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். இதே மாதிரி ஃபைலோடு அலைகிறவர்கள் நிறையப் பேர்.

"எல்லாம் உன் மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. உனக்கு வருவது பிரமை இல்லை, பதற்றம் உடம்பு வழியாக வெளிப்படுவது. விரல் நுனி மரத்துப்போவது, உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பது, தலை கிறுகிறுப்பது, இதையே எடுத்துக்கொள். பதற்றத்தில் நாம் நமக்கே தெரியாமல் வேகமாகவும் மேலோட்டமாகவும் மூச்சு விடுகிறோம். ரத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது, அதனால் நரம்புகளுக்குக் கிடைக்கிற கால்சியம் குறைகிறது, நரம்புகள் தொட்டதற்கெல்லாம் துள்ள ஆரம்பிக்கின்றன. கூடவே மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் கொஞ்சம் சுருங்கும், அதுதான் அந்தக் கிறுகிறுப்பு. அன்றைக்கு விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு, 98 என்று அது காட்டிக்கொண்டிருக்கும்போதே மூச்சு போதவில்லை என்று என்னிடம் சொன்னாய் பார், இரண்டுமே உண்மை. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறது, மூச்சு முட்டுகிற உணர்வும் இருக்கிறது. எம்ஆர்ஐ இதைப் படம்பிடிக்காது, ஏனென்றால் அங்கே எதுவும் உடைந்திருக்கவில்லை, ஓட வேண்டிய நேரம் இல்லாதபோது உடம்பு ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பயமும் கோபமும் வந்தால் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து இதயம், குடல், ரத்த ஓட்டம் எல்லாவற்றையும் எப்படி மாற்றிப்போடுகிறது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915லேயே விரிவாக எழுதிவிட்டார். குடல் சுவரில் மட்டும் 10 கோடிக்கும் மேல் நரம்பு செல்கள் இருக்கின்றன. மூளைக்கும் குடலுக்கும் நடுவே ஓடும் வேகஸ் நரம்பில் பெரும்பாலான இழைகள் கீழேயிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. அப்படியிருக்க, இன்டர்வியூவுக்கு முன்னால் வயிறு கலக்குவதை யாரும் நோய் என்று சொல்வதில்லை, அதே கலக்கல் மாதக்கணக்கில் நீடித்தால் மட்டும் ஆளையே சந்தேகப்படுகிறார்கள்.

நீ ஒவ்வொரு தடவையும் சொல்வது, "எனக்கு டென்ஷனே இல்லையே அக்கா, டிவி பார்த்துக்கொண்டிருந்தேன், திடீரென்று வந்தது." இதை நான் நம்புகிறேன். பதற்றம் என்றால் மனதில் கவலை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சில பேருக்கு அது எண்ணமாக வரவே வராது, நேரே தோள்பட்டை இறுக்கமாக, வயிற்றுப்போக்காக, தலைவலியாக இறங்கிவிடும். இன்னொன்று, நெருக்கடி நடக்கும்போது நாம் தாக்குப்பிடித்துவிடுவோம். வேலை போய், வேறு வேலை தேடி அலைந்த அந்த மாதங்களில் உனக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. புது வேலையில் உட்கார்ந்து, கடனும் ஓரளவு அடைந்து, இனி மூச்சு விடலாம் என்ற பிறகுதான் ஆரம்பித்தது. அதனால் நீ இன்றைய நாளில் காரணத்தைத் தேடினால் கிடைக்காது.

எனக்கு வந்தது தொண்டை. உருண்டையாக ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி, எச்சில் விழுங்கினால் அங்கேயே நிற்கும், சாப்பிடும்போது மட்டும் காணாமல் போய்விடும். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போன் டார்ச்சை அடித்துக் கண்ணாடியில் வாயைத் திறந்து பார்ப்பேன். அடிநாக்கில் இருக்கும் சின்னச் சின்ன மேடுகள் எல்லோருக்கும் இருப்பவைதான், ஆனால் அதுவரை பார்த்திருக்காததால் எனக்கு அவை கட்டிகளாகத் தெரிந்தன. காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டார். தாராளமாக என்றேன். நிஜமான அடைப்பு என்றால் முதலில் சிக்குவது சாப்பாடுதான், எச்சில் இல்லை, இது குளோபஸ், தொண்டைத் தசை இறுகுவதால் வரும், பதற்றத்தில் கூடும் என்று விளக்கினார். அந்த ஒரு கேள்வி எனக்குச் செய்ததை அதற்கு முன்னால் பார்த்த யாருடைய "உங்களுக்கு ஒன்றும் இல்லை"யும் செய்யவில்லை. என்ன இல்லை என்பதோடு என்ன இருக்கிறது என்பதையும் சொன்ன மனிதர் அவர்.

மருத்துவத்துறையும் மெதுவாக அந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேடு 2013ல் ஐந்தாம் பதிப்பாக வந்தபோது, உடல் அறிகுறிகளாக வெளிப்படும் இந்த வகைக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு "மருத்துவக் காரணம் எதுவும் இருக்கக்கூடாது" என்று முன்பு இருந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அந்த அறிகுறியைச் சுற்றி உன் யோசனை, பயம், நேரம் எவ்வளவு சுழல்கிறது என்பதுதான் இப்போது கணக்கு. நரம்பியலில் இதைவிடச் சுவாரஸ்யமான ஒன்று உண்டு. ஒரு கால் பலமிழந்துவிட்டது என்று வருகிறவரைப் படுக்க வைத்து, அந்தக் குதிகாலைக் கட்டிலில் அழுத்தச் சொன்னால் அழுத்த வராது. சரி, அந்தக் காலை விடுங்கள், நல்ல காலைத் தூக்குங்கள் என்று சொல்லி அதற்கு எதிராகக் கையால் அழுத்திப் பிடித்தால், வராது என்ற கால் தானாகவே கட்டிலை நன்றாக அழுத்தும். 1908ல் சார்லஸ் ஹூவர் விவரித்த பரிசோதனை இது. இன்றைக்கு நல்ல நரம்பியல் மருத்துவர்கள் நோயாளிக்கே இதைக் காட்டிப் புரியவைக்கிறார்கள், பாருங்கள், தசையும் நரம்பும் நன்றாக இருக்கின்றன, கவனம் அங்கே போகும்போதுதான் வேலை தடைபடுகிறது என்று. நடிக்கிறீர்கள் என்று சொல்வதற்காக இல்லை.

கவனம் என்றதும் உன் கைதான் ஞாபகம் வருகிறது. போன மாதம் நாம் பேசிக்கொண்டிருந்தபோது உன் இரண்டு விரல் தாடைக்குக் கீழே கழுத்தில் போய் உட்கார்ந்தது, பேச்சு நிற்கவில்லை, கண் மட்டும் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விட்டு வந்தது. நீ பல்ஸ் எண்ணினாய் என்று உனக்கே தெரிந்திருக்காது. நாள் முழுக்க இது நடக்கிறது. ராத்திரி வீடு அடங்கியதும் குழாய் சொட்டுகிற சத்தம் எப்படிப் பெரிதாகக் கேட்கும், குழாய் பகலிலும் அதே மாதிரிதான் சொட்டியது. இதயமும் அப்படித்தான். இதயத் துடிப்பை 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டிப் பார்த்தால் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் நடுநடுவே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருவது தெரியும், அதற்கப்புறம் ஒரு சின்ன இடைவெளி விழும், அடுத்த துடிப்பு தடக்கென்று பலமாக விழும். பலருக்கு அது தெரிவதே இல்லை. காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உனக்கு அது தெரிகிறது, பயம் வருகிறது, அட்ரினலின் சுரக்கிறது, இதயம் இன்னும் வேகமாகிறது, பார்த்தாயா நான் சொன்னேன் இல்லையா என்று மூளை கேட்கிறது. கழுத்தில் நெறிக்கட்டி இருக்கிறதா என்று அழுத்தி அழுத்தியே அந்த இடத்தை வலிக்க வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

அதனால் நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: சோதிப்பதைக் குறை. பல்ஸ், பிபி மிஷின், ஆக்சிமீட்டர், கூகுள், "எனக்கு ஒன்றும் ஆகாதுதானே" என்று என்னிடம் கேட்பது, எல்லாமே ஒரே சாமான்தான். ஒவ்வொன்றும் கொஞ்ச நேரத்துக்கு நிம்மதி கொடுக்கும், அப்புறம் அந்த நிம்மதி தேய்ந்துபோய் அடுத்த சோதனை கேட்கும். ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தவும் முடியாது. கை கழுத்துக்குப் போகும்போது பத்து நிமிடம் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடு. பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வரும் இந்தக் கடும் பயம், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விட்டு இறங்க ஆரம்பிக்கும், நீ எதுவும் செய்யாவிட்டாலும். அதை நீயே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டால் நான் எழுதுகிற எதுவும் தேவைப்படாது.

மூச்சுப் பயிற்சி செய்யலாமா என்று கேட்டிருந்தாய். செய், இழுப்பதை விட விடுவது நீளமாக இருக்கட்டும். ஆனால் பயம் வந்த நேரத்தில் மட்டும் அவசர அவசரமாகச் செய்துவிட்டுக் குறைந்ததா குறைந்ததா என்று பார்த்தாயானால் அதுவும் இன்னொரு சோதனையாகிவிடும். சும்மா இருக்கும் நேரத்தில் செய்து பழகு. பையில் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம், இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. காஃபியைக் குறைத்துப் பார், படபடப்புக்கும் கண் இமை துடிப்பதற்கும் அது துணைபோகும். மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாய் என்று கேள்விப்பட்டேன், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஈசிஜி, எக்கோ பார்த்து உன் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு இதயம் வேகமாக அடிப்பதைப் பார்த்து ஒதுங்கினால், அது ஆபத்து என்றுதான் உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கிறாய். சிபிடி என்கிற அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் வேண்டுமென்றே நின்ற இடத்தில் ஓடச் சொல்வார்கள், நாற்காலியில் சுற்றச் சொல்வார்கள், அந்தப் படபடப்பையும் கிறுகிறுப்பையும் வரவழைத்து, வந்தால் வரட்டும் என்று பழக்குவதற்காக. கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். எனக்குப் பேச்சை விட இதுதான் உதவியது.

மனநல மருத்துவரிடம் போவது பற்றி வீட்டில் முணுமுணுப்பு வரும், வரட்டும். அவர் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை எழுதினால் இரண்டு விஷயம் தெரிந்து வைத்துக்கொள். வேலை செய்ய வாரங்கள் ஆகும். முதல் நாட்களில் படபடப்பும் குமட்டலும் கொஞ்சம் கூடலாம், உன்னைப் போல உடம்பைக் கூர்ந்து கவனிக்கிற ஆட்கள் அப்போதுதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நீயாக நிறுத்தாதே, எழுதிக் கொடுத்தவரிடம் பேசு.

அப்புறம், பொது மருத்துவர் ஒருவரை மட்டும் வைத்துக்கொள். அறிகுறி வரும்போதெல்லாம் ஓடாமல், மாதம் ஒரு தேதி என்று முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போ. தைராய்டு, ரத்தசோகை, பி12 எல்லாம் பார்த்தாயிற்று என்பதால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன், பி12 குறைந்தாலும் கை கால் மரக்கும், தைராய்டு கூடினாலும் நெஞ்சு படபடக்கும். பதற்றக்காரனுக்கு வேறு நோய் வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. நடக்கும்போது நெஞ்சு வலித்து நின்றால் குறைவது, மயங்கி விழுவது, வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, காரணமில்லாமல் எடை இறங்குவது, மலத்தில் ரத்தம், சாப்பாடே தொண்டையில் நிற்பது, இதில் எது வந்தாலும் இந்தக் கடிதத்தை மறந்துவிட்டு மருத்துவமனைக்குப் போ, என்னைக் கேட்டுக்கொண்டு நிற்காதே.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. வேலையைப் பற்றி, அம்மாவைப் பற்றி, எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், பயமாக இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். பல்ஸ் எவ்வளவு என்று மட்டும் சொன்னாயானால் பேச்சை மாற்றிவிடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

அக்கா